பூனாவில் இருக்கிற மகன்

"மிஷினை ஆஃப் பண்ணிடலாமா?" என்று படமெடுக்க வந்திருந்த ரஞ்சிதா கேட்டதும் வினோதா குனிந்து ஆக்சிஜன் மிஷினை அணைத்தாள். அது ஓடினால் வீடு முழுக்க இரைச்சல். மைக்கில் வேறொன்றும் விழாது. மூன்று நிமிஷம்தானே, அப்பா தாங்குவார் என்று ஐந்து மாசமாகச் சொல்லிச் சொல்லி, அடுப்பை அணைக்கிற மாதிரி அதுவும் அவள் கைக்குப் பழகிவிட்டது. கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்த மாரிசாமி முகத்தை நிமிர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மிஷின் சத்தம் நின்றால் பையன் பேசப் போகிறான் என்று அவருக்குத் தெரியும்.

போன் அடித்தது. வினோதா ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் காதோரம் பிடித்தாள்.

"அப்பா, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கறன் சாமி. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டன். இங்க பூனாவுல ஒரே மழை."

பூனாவாம், மழையாம்! பேசிக்கொண்டிருந்தவன் எழுபது அடி தள்ளி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த படக்காரர்களின் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இந்த வீட்டு மகன் அஜித்குமாரே இல்லை. மாரிசாமியின் அண்ணன் மகன் தினேஷ்குமார். அஜித்குமார் செத்துப் பத்து மாசமாகிறது.

சூளகிரிப் பக்கம், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கிற ஒரு பட்டறை. பிரஸ் மிஷினில் சிக்கிய தகட்டை எடுக்கத் தலையை உள்ளே விட்டான், யாரோ பெடலை மிதித்துவிட்டார்கள். அன்றைக்கு மாரிசாமி கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கிரானைட் கல்லுக்கு முப்பது வருஷம் பாலிஷ் போட்டதில் நெஞ்செல்லாம் கல்தூசி. கண்ணைச் சர்க்கரை ஏற்கெனவே வாங்கியிருந்தது. ஆள் அசைந்தால் நிழல் தெரியும், முகம் தெரியாது. இந்த நிலைமையில் சொன்னால் சொன்ன இடத்திலேயே போய்விடுவார் என்று டாக்டரும் சொன்னார், ஊரும் சொன்னது. மேளம் இல்லாமல் பையனைக் காவேரிப்பட்டினத்து அத்தை வீட்டில் கிடத்தி, அங்கேயே தென்பெண்ணைக் கரையில் புதைத்தார்கள். காரியமும் அங்கேதான். மாரம்மா பெற்ற பிள்ளைக்கு அழுததெல்லாம் அந்த வீட்டோடு சரி. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "பையனை கம்பெனியில பூனாவுக்கு அனுப்பிட்டாங்கய்யா, டிரெயினிங்காம், ரெண்டு வருசமாம்" என்று புருஷனிடம் சொன்னாள். அதற்கு முன் காய்கறிக்காரனிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள்.

அதற்கப்புறம் ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தது. திண்ணமாகச் சொல்லலாம், அந்தத் தெருவில் ஒரு குழந்தைகூட வாய் தவறவில்லை. தினேஷின் குரலுக்கும் அஜித்தின் குரலுக்கும் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. வாரம் ஒரு தடவை எட்டு வார்த்தை. நல்லாருக்கியா, சாப்பிட்டாயா, மழை, டூட்டி, லீவு இல்லை, மாத்திரை போடு, அம்மாவைப் பார்த்துக்கொள், வைக்கட்டுமா. அவ்வளவுதான். அதில் ஒரு மனுஷன் பத்து மாசம் மூச்சுவிட்டார்.

ரஞ்சிதா பெங்களூரிலிருந்து வந்தவள். தொழிற்பேட்டைகளில் சாகிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம். முதல் மூன்று தடவை வினோதா கதவையே திறக்கவில்லை. ஆனால் அண்ணனை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர், அஜித்குமார் என்று எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லையே என்று கையை விரித்துவிட்டான். ரிஜிஸ்டரில் பேரில்லை. பட்டறையில் அவன் இருந்ததே இல்லை, வீட்டிலோ அவன் சாகவே இல்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் அண்ணன் பேரும் அவனுக்கு நடந்ததும் இருக்கட்டும் என்று வினோதாவுக்குத் தோன்றியது. அந்த ஒரே ஆசையில்தான் சம்மதித்தாள். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கினாள். கல்தூசி நோயைப் பற்றிப் படம் என்று அவரிடம் சொன்னார்கள்.

ரஞ்சிதா கெட்டவள் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மாரம்மா கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். மேடம் என்று கூப்பிட வேண்டாம், அக்கா என்று கூப்பிடுங்கள் என்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்த அன்றைக்கு அவள் கண் கலங்கி, "வினோதா, இதுதான் படம்" என்றாள். அன்றோடு படத்திலிருந்து பட்டறை போயிற்று, காண்ட்ராக்டர் போனான், போன் மட்டும் நின்றது. குடத்தோடு வருகிற மாரம்மாவை, வெளிச்சம் சரியில்லை இன்னொரு தடவை வாங்கம்மா என்பாள். மாரம்மாவும் சலிக்காமல், "எங்கிருந்து வரட்டும் மேடம்?" என்று கேட்டுக்கொண்டு, அதே இடுப்பில் அதே பக்கம் குடத்தை வைத்துக்கொண்டு வருவாள். தெருப் பெண்களுக்கும் பழகிவிட்டது. கேமராவைப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்த வேண்டும்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?" என்றது போன்.

வினோதா நிமிர்ந்தாள். இது எட்டில் சேர்ந்ததில்லை.

"கேளு சாமி."

"அன்னிக்கு என்னை எதுக்கு அடிச்ச?"

ஓசூரில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் கை முழுக்க கிரீஸோடு சந்தோஷமாக இருந்த பையனை, கம்பெனி வேலை, யூனிஃபாரம், மாசச் சம்பளம் என்று சொல்லி, கேட்காமல் போகவே தெருவில் வைத்து அறைந்து அந்தப் பட்டறைக்குத் துரத்தியவர் மாரிசாமிதான். போன மாசம் மாரம்மா அதைக் கேமராவுக்கு முன்னால் சொல்லி அழுதிருந்தாள். வினோதா ரஞ்சிதாவைப் பார்த்தாள். ரஞ்சிதாவின் கண் கேமராவில் இருந்தது. ஒரு விரல் மட்டும் உயர்ந்தது. பொறு.

"அது... உன் நல்லதுக்குத்தான் சாமி..." மாரிசாமிக்கு மூச்சு இளைத்தது.

"என்ன நல்லது? நிம்மதியா இருந்தவனை தெருவுல போட்டு அடிச்சு தொரத்துன. என்னாச்சின்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? அந்த மிஷினு எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? இனிமே உன் மொகத்துல முழிக்க மாட்டன். நீ செத்தாலும் வர மாட்டன். போ."

போன் அறுந்தது.

"அலோ... சாமி... அலோ." மாரிசாமி போனைத் தடவி எடுத்து மறு காதில் வைத்துப் பார்த்தார். "கட்டாயிடுச்சி போல" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் காற்றுக்குத் திறந்து திறந்து மூடியது. வினோதாவின் கை சுவிட்சுக்குப் போயிற்று. ரஞ்சிதா இன்னொரு தடவை விரலைத் தூக்கினாள். வினோதா பொறுத்தாள். பொறுத்தாளே, அதைச் சொல்லுங்கள்! ஒரு முழு நிமிஷம் பெற்ற அப்பன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சுவிட்சில் கையை வைத்தபடி நின்றாள். பிறகுதான் போட்டாள்.

வேனின் கதவை அவள் தட்டவில்லை, உதைத்தாள். உள்ளே தினேஷ் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்துக்கு நேரே இன்னொரு கேமராவைப் பிடித்திருந்த ரஞ்சிதாவின் உதவியாளன் மணிகண்டன் அதைத் தாழ்த்தினான்.

"எவ்ளோ நாளா வயித்துல வெச்சிருந்த இதை? ஏன்டா அப்பிடிப் பேசுன?"

"அக்கா மொத கேள்விய மட்டுந்தான் கேக்கச் சொன்னாங்க வினோ. அடிச்சதைப் பத்திக் கேளு, அவரு மனசு விட்டுப் பேசுவாருன்னாங்க. மத்ததெல்லாம்..." தினேஷ் தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியல. அவனை அந்த மிஷின்லேர்ந்து பக்கத்துல வேலை செஞ்ச நான்தான வெளிய எடுத்தன். வாயில வந்துடுச்சி."

ரஞ்சிதா பின்னாலேயே வந்திருந்தாள். "வினோதா, என் மேல கோபம் வர்றது நியாயம்தான். ஆனா அவர் மனசுல அது பாரமா இருக்கு. உங்கம்மாவே சொன்னாங்க. சாகறதுக்குள்ள அதை இறக்கி வெக்க ஒரு வழி பண்ணணும்னு நெனச்சேன். அவர் மன்னிப்பு கேப்பார், மறுபடி போன் பண்ணி தினேஷ் சமாதானம் சொல்லுவான். அப்படித்தான் யோசிச்சேன். நான் தேடறது உண்மையை."

"உண்மையா? அது காவேரிப்பட்டினத்துல மண்ணுக்குள்ள கெடக்குது. போயி தோண்டி எடுங்க."

ரஞ்சிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள்தான் தினேஷிடம் போனைக் கொடுத்தாள். இப்போதே பேசு, கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல் என்றாள். வினோதா வீட்டுக்கு ஓடினாள். அவள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அண்ணன்தான் கூப்புடுது. பேசு."

"வேணா பாப்பா. அவனுக்கு டூட்டி இருக்கும்."

"அப்பா, பேசிடு. சும்மா கோவத்துல..."

மாரிசாமி போனை வாங்கினார். வாங்கித் தலையணைக்கு அடியில் செருகி, அதன் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். அடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்து ஓய்ந்தது. வாசலில் நின்ற ரஞ்சிதா மெதுவாக, தினேஷை நேரிலேயே உள்ளே விட்டால் என்ன, அவருக்குத்தான் நிழல் மட்டும் தெரிகிறதே, பூனாவிலிருந்து வந்துவிட்டான் என்று சொல்லிவிடலாமே என்றாள். ஒரு நிமிஷம் வினோதாவுக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் தினேஷ் அதைக் கேட்டதும், "இன்னொருக்கா செத்தவனாட்டம் பேச என்னால ஆகாது" என்று பைக்கை எடுத்தவன்தான். ஹைவே பக்கம் போய்விட்டான். போனையும் அணைத்துவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் மூச்சு மாறிவிட்டது. போன வாரம் காட்டப் போனபோதே, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மிஷினை முழுசாகத் திருகியும் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. அடுத்த வீட்டுக் காளியம்மாள் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அந்தத் தெருவில் யாருக்குக் கடைசி வந்தாலும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

"இழுத்துக்கினு கெடக்குது. எதுக்கோ நிக்குது உசுரு" என்றாள். வாசல் மண்ணைக் கிள்ளித் தண்ணீரில் கரைத்து ஒரு பாலாடை புகட்டினாள். மண்ணாசை இருந்தால் தீரட்டுமென்று. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத மனுஷனுக்கு மண்ணாசை எங்கிருந்து வரும்? குடித்துவிட்டு அப்படியேதான் கிடந்தார். காளியம்மாள் வினோதாவின் காதுக்குக் கிட்டே வந்து, "பையனைத்தான்டி நெனச்சிக்கினு கெடக்கறாரு" என்றாள்.

அப்போதுதான் மாரிசாமி பேசினார். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"வர மாட்டன்னுட்டான். கொள்ளிச் சட்டி யாரு தூக்குவாங்க?"

சிறிது நேரம் கழித்து, "நாந்தான் அடிச்சன். என் கை ஒடைய" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வினோதாவால் முடியவில்லை. அண்ணன் ஒரு நாள்கூட அப்பாவை எதிர்த்துப் பேசினவன் இல்லை. அறைந்த அன்றைக்கு ராத்திரியே அவரோடு உட்கார்ந்து ஒரே தட்டில் சோறு தின்றவன். அந்தப் பிள்ளை தன்னைக் கைகழுவிவிட்டான் என்று எண்ணிக்கொண்டே இந்த மனுஷன் போகப் போகிறார். செத்தவன் மேலும் பழி, சாகிறவருக்கும் வேதனை. உண்மையைச் சொன்னால் பிள்ளை போனதை அறிந்து சாவார். ஆனால் பிள்ளை வெறுக்கவில்லை என்றும் அறிந்து சாவார். இரண்டில் எது பெரிய கொடுமை என்று அவள் நெஞ்சில் நிறுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வயசுக்கு அது பெரிய நிறுவைதான்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள். காளியம்மாள் போனாள். "அக்கா, நீங்களும். கேமராவையும் தூக்கிக்கோங்க." ரஞ்சிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வினோதா அவளைக் கேமரா முக்காலியோடு சேர்த்துத் தள்ளினாள். கதவைத் தாழிட்டாள். உள்ளே அம்மா மட்டும் கஞ்சித் தண்ணீர் டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

வினோதா கட்டில் ஓரம் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, காலையில பேசுனது அண்ணன் இல்லப்பா. தினேஷ் அண்ணன். பத்து மாசமா அவன்தான் பேசறான். நாங்கதான் பேச வெச்சம்."

மாரிசாமி அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"அண்ணன் செத்துப்போச்சுப்பா. போன ஆடியிலயே. பட்டறையில மிஷின்ல அடிபட்டு. நீ அப்ப ஆஸ்பத்திரியில இருந்த. சொன்னா நீ தாங்க மாட்டன்னு மறைச்சிட்டம். அண்ணன் உன்னை ஒண்ணுமே சொல்லலப்பா. உன் மேல கோவமே இல்ல அதுக்கு."

மாரிசாமி அவள் மடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"அண்ணனுக்குப் பரிஞ்சு பேசறியா பாப்பா?"

"இல்லப்பா, நெசமா..."

"அவன் பேசனது தப்புதான். அதை மறைக்கறதுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம், ரெண்டு வார்த்தை சொல்லலாம். காலையில எங்கிட்ட பேசன புள்ளைய செத்துட்டான்னு சொல்லுவியா? உன் கூடப் பொறந்தவன்டி."

"அப்பா, சத்தியமா. மாரியம்மன் மேல சத்தியமா."

"சாமி மேல வேற வெக்கற!"

அவள் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து அவர் விரலில் திணித்தாள். அவர் தடவிப் பார்த்தார். அவருக்கு அது கரண்டு பில்லாக இருந்தாலும் ஒன்றுதான். அண்ணனின் வாட்சைக் கொடுத்தாள். வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பான் என்றார். தினேஷைக் கூப்பிட்டாள், போன் அணைந்தே கிடந்தது. பத்து மாசம் ஒரு ஓட்டை விடாமல் அடைத்து வைத்தாயிற்று, இப்போது உண்மை நுழைய இடமில்லை. ஒரு பையன் வாராவாரம் மழையைப் பற்றிப் பேசினான், சாப்பிட்டேன் என்றான், கடைசியில் கோபித்தும்கொண்டான். அவ்வளவு கோபப்படுகிறவன் எப்படிச் செத்திருப்பான்?

"மாரம்மா" என்று மாரிசாமி கூப்பிட்டார். "நீ சொல்லு. பையன் உசுரோட இருக்கானா, இல்லியா?"

வினோதா அம்மாவைப் பார்த்தாள். சொல்லும்மா என்று கையைக் கூப்பினாள். மாரம்மாவின் உதடு பிரிந்தது. மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வாழ்க்கையிலே அவள் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தாள், அது இப்போது வாயை விட்டு இறங்கமாட்டேன் என்றது.

"இருக்கான்யா" என்றாள். "பூனாவுல இருக்கான். அது உன் ஆறுதலுக்கு ஏதோ சொல்லுது."

"அம்மா!" என்று வினோதா கத்தினாள்.

"எங்கிட்ட வராத நீ" என்று மாரிசாமி மகளிடம் சொன்னார். குரலில் பலம் இல்லை, வெறுப்பு இருந்தது. "உசுரோட இருக்கறவனை சாவடிச்ச வாயி. போ அந்தாண்ட."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மூன்று மணிக்குக் காளியம்மாள் பால் காய்ச்சி ஆற்றிக்கொண்டு வந்தாள். கடைசிப் பாலை உறவும் தெருவும் ஒவ்வொருவராக ஊற்ற வேண்டும். மாரம்மா ஊற்றினாள், தொண்டைக்குழி ஏறி இறங்கியது. காளியம்மாள் ஊற்றினாள், விழுங்கினார். மூன்றாம் வீட்டு முனிராஜ் ஊற்றினான். இவர் நடமாடின நாளெல்லாம் குழாயடியில் சண்டை போட்டவன், அவன் ஊற்றியதும் இறங்கியது. வினோதா பாலாடையை உதட்டில் வைத்தாள்.

"பாப்பா ஊத்துது, குடிங்க" என்று காளியம்மாள் குனிந்து சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். உதடு மூடியது. பால் கடைவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. காளியம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டு, "பரவால்லடி, அவருக்கு நெனவு இல்ல" என்றாள். வினோதா இரண்டாம் தடவை ஊற்றிப் பார்த்தாள். அதுவும் வழிந்தது. கால் மணி நேரத்தில் மூச்சு நின்றது. முனிராஜ் மிஷினை அணைத்தான்.

மாரம்மா கட்டிலண்டை போய்ப் புருஷன் நெஞ்சில் கையை வைத்தாள். அவள் அழுத அழுகையைக் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. காவேரிப்பட்டினத்தில் பிறத்தியார் வீட்டில் வாயைப் பொத்தி அழுதவளுக்கு இப்போதுதான் சொந்த வீட்டில் அழ வழி கிடைத்திருந்தது. எது புருஷனுக்கு, எது பிள்ளைக்கு என்று பிரிக்க முடியாமல் இரண்டும் கலந்து வந்தது.

"ஐயா... எம் பையனை பத்து மாசம் சொமந்து பெத்தன்... பத்து மாசம் சொமந்து மறைச்சன்... ஒருவாட்டி வாயத் தொறந்து எஞ்சாமின்னு இந்த வூட்டுல அழுதனா... இன்னிக்குக் கேட்டியே, அப்பவும் சொல்லாம போனனே..."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த வினோதா, அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மேல் இருந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"எம் பொண்ணு..." என்று மாரம்மா எடுத்தாள். அந்த நேரம் பார்த்து காலை ஷிப்ட் விட்ட கம்பெனி பஸ் தெரு முனையில் வந்து நின்றது. வழியெல்லாம் கூட்டம். டிரைவர் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. சாவு வீடு என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்லுகிற வரைக்கும் அடித்துத் தீர்த்தான். மாரம்மாவின் வாய் அசைந்ததும், தலை ஆடியதும், கை நெஞ்சைத் தட்டியதும் தெரிந்தன. ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஹாரன் நின்றபோது அவளும் நிறுத்தியிருந்தாள்.

மூலையில் மணிகண்டன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி ரஞ்சிதாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாசமாக அந்த மூலையில் நின்றே பழகியவர்கள், பீரோ மாதிரி ஆகியிருந்தார்கள்.

ரஞ்சிதா அழுதிருந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. மாரம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அம்மா, மன்னிச்சுக்கங்கம்மா. பஸ் சத்தத்துல கடைசியா சொன்னது பதிவாகல. உங்களால முடிஞ்சா... முடிஞ்சா மட்டும். இன்னொரு தடவை."

"அடிப்பாவி" என்று காளியம்மாள் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை.

மாரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிவந்த கண்ணால் ரஞ்சிதாவை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எங்கிருந்து சொல்லட்டும் மேடம்?"

"எம் பொண்ணு-ல இருந்து போதும்மா."

வினோதா எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்துக்கு அந்த முக்காலியைத் தூக்கிச் சாக்கடையில் வீசியிருப்பாள், ரஞ்சிதாவின் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்திருப்பாள். இரண்டு எட்டும் வைத்துவிட்டாள். அப்புறம் நின்றாள். பத்து மாசம் வாயடைத்துக் கிடந்த அம்மா, அந்தப் பொய்யைச் சொன்ன அம்மா, அப்பாவிடம் தன்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியாது போலிருந்தது. தனியாகக் கேட்டால் அம்மா சொல்வாளா? அவள் ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டாள்.

"வினோதா, நீங்க அப்ப கால்மாட்டுல இருந்தீங்க" என்று ரஞ்சிதா மெல்லச் சொன்னாள்.

வினோதா திரும்பிப் போனாள். கால்மாட்டில் உட்கார்ந்து, முன்போலவே காலை மடித்துக்கொண்டு, அப்பாவின் பாதத்தைப் பிடித்தாள். ரஞ்சிதா கையைத் தூக்கினாள். பெண்கள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். முனிராஜ் வாசலில் நின்று தெருவுக்குக் கையைக் காட்டினான். ஒரு சத்தமில்லை.

மாரம்மா புருஷன் நெஞ்சில் அதே இடத்தில் கையை வைத்தாள்.

"எம் பொண்ணு பொய் சொல்லலய்யா... நாந்தான் சொன்னன்... நீ போற எடத்துல பையன் நிப்பான், பாத்தா தெரிஞ்சிடும் உனக்கு... எம் பொண்ணு மேல கோவத்தோட போவாதய்யா... அது ஊத்துன பாலைக் குடிச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா..."

தலை ஆடவேண்டிய இடத்தில் ஆடியது. கை தட்டவேண்டிய இடத்தில் தட்டியது. சொல்லி முடித்துவிட்டு, ரஞ்சிதா கட்டைவிரலை உயர்த்துகிற வரைக்கும் மாரம்மா அந்தக் கையை எடுக்கவில்லை.